ஸுபைர் (ரலி) விட்டுச்சென்ற 15 வீடுகளும் நம்மவர் வாங்கும் ஒற்றை மனையும்



மீமிசலிலிருந்து கோட்டைப்பட்டினம் வழியாக மணமேல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர், எல்லைக்கல் நட்டுக் கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைகளைக் காணாமல் இருக்க முடியாது. அவற்றுள் பெரும்பாலானவை வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். சபுராளியின் சம்பாத்தியம் நம் கடற்கரை ஊர்களில் மூன்று வடிவங்களைத்தான் எடுக்கும்: முதலில் வீடு, அடுத்து நகை, மிஞ்சினால் மனை.

இந்த வழக்கத்தை அறியாமை என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வங்கியின் நிரந்தர வைப்பில் வட்டி இருக்கிறது. ஆயுள் காப்பீட்டை உலமாக்கள் பலர் அனுமதிப்பதில்லை. பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம் என்ற அச்சம். இத்தனை கதவுகளும் மூடிக்கிடக்கும்போது, ஈமானுள்ள ஒரு மனிதர் தம் பணத்தை மண்ணில் போட்டுவைப்பது அறிவுக்குப் பொருந்திய செயலே. மண்ணில் வட்டி இல்லை, ஏமாற்று இல்லை, திருடன் தூக்கிச் செல்லவும் முடியாது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

இருபத்தைந்து ஆண்டுகள் ஜித்தாவிலோ தம்மாமிலோ உழைத்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில் ஊர் திரும்புகிறார் ஒருவர் என்று கொள்வோம். கையில் 10 சென்ட் மனையும் ஒரு வீடும் உண்டு. மாத வருமானம் இல்லை. இதயத்தில் அடைப்பு என்று மதுரை மருத்துவமனையில் சொல்லிவிடுகிறார்கள். நான்கு நாட்களுக்குள் சில லட்சங்கள் வேண்டும். மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க முடியாது. முழுவதையும் விற்கலாம் என்றால், அவசரம் தெரிந்த தரகர் பாதி விலைக்கு ஆள் கொண்டுவருவார். முடிவில் என்ன நடக்கிறது? மனைவியின் நகை வங்கிக்குப் போகிறது, வட்டிக்கு. அல்லது வீட்டின் ஒரு பகுதி ஒத்திக்குப் போகிறது. அந்த ஒத்தியிலும் வட்டியின் சாயல் உண்டா என்ற விவாதம் நம் ஆலிம்களிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. வட்டிக்கு அஞ்சி மண்ணுக்குள் ஒளிந்த பணம், தேவைப்படும் நாளில் வெளியே வர மறுத்து, தன் சொந்தக்காரரையே வட்டிக்கடைக்கு அனுப்பிவைக்கிறது.

சட்டச் சிக்கல்களையும் மறந்துவிடக் கூடாது. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, தமிழகமெங்கும் மனை வைத்திருந்தோர் விற்க வழியின்றித் திகைத்துப்போயினர். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பின்னரே நிலைமை மெல்லச் சீரானது. கடலோரத்தில் இருக்கும் நமக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. 2011 அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குப் பெரிதும் தடை. கடல் தெரிகிறது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மனையில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிந்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது வாரிசுரிமைதான்.

மேலே சொன்னவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, நான்கு மகன்கள், மூன்று மகள்கள். ஃபராயிள் கணக்குப்படி சொத்து 88 பாகமாகும். மனைவிக்கு 11, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. அல்லாஹ் குர்ஆனில் வகுத்தளித்த பங்கு இது. இதில் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஒரு மகளுக்குச் சேரும் பகுதி 346.5 சதுர அடி. அதில் பாதை விட்டு ஓர் அறை கட்டக்கூட இயலாது. ஆகவே மனை பிரிக்கப்படாமல் கிடக்கிறது. பெரிய அண்ணனின் பெயரில் தீர்வை ரசீது வருகிறது. பத்து ஆண்டுகளில் அது அண்ணனின் மனை என்று ஊர் பேசத் தொடங்குகிறது. தங்கைகளுக்கு "கல்யாணத்தில்தான் செய்தாயிற்றே" என்ற பதில் கிடைக்கிறது. மார்க்கக் கல்வி பெற்ற குடும்பங்களிலும் இது நடப்பதை நாம் அறிவோம். பெண்மக்களின் பங்கு பறிபோவதற்குப் பேராசையோடு சேர்ந்து இன்னொரு காரணமும் உண்டு: பிரிக்க முடியாத சொத்தில் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டுத் தகப்பன் போய்விடுகிறார்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு நீண்ட ஹதீஸ் இருக்கிறது. ஜமல் போரில் கொல்லப்பட்ட ஸுபைர் இப்னு அல்அவ்வாம் (ரலி) அவர்களின் சொத்தும் கடனும் எவ்வாறு தீர்க்கப்பட்டன என்பதை அது விவரிக்கிறது. பயான்களில் அது அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவதில்லை. குடும்பக் கணக்கு வழக்கு என்பதால் போலும். எனக்கோ அது பொருளாதாரப் பாடநூல்களில் காணக் கிடைக்காத ஒரு செல்வம்.

ஸுபைர் (ரலி) அவர்கள் தீனாராகவோ திர்ஹமாகவோ எதையும் விட்டுச்செல்லவில்லை. அவர்களிடம் இருந்தவை நிலங்களும் வீடுகளும்: அல்காபா என்ற நிலப்பகுதி, மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1. மறுபுறம், மக்கள் அவர்களிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்த பணத்தை அமானிதமாக வாங்காமல் கடனாகவே ஏற்றுக்கொண்டிருந்ததால் சேர்ந்த கடன் 22 லட்சம். அதைத் தீர்க்கும் பொறுப்பு மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் தோளில் விழுந்தது. 1,70,000க்கு வாங்கப்பட்டிருந்த அல்காபாவை 16 லட்சத்துக்கு விற்றார்கள். எப்படி விற்றார்கள் என்பதே கவனிக்க வேண்டிய இடம். நிலம் 16 பங்குகளாக மதிப்பிடப்பட்டது. பங்கு ஒன்றுக்கு ஒரு லட்சம். கடன்காரர் ஒருவர் தமக்கு வரவேண்டியதற்கு ஈடாகவே அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். இறுதியில் நாலரைப் பங்கு மிஞ்சியபோது, மூவர் ஆளுக்கொரு பங்கும் முஆவியா (ரலி) அவர்கள் ஒன்றரைப் பங்கும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகும் வாரிசுகளுக்கு உடனே பிரித்துக்கொடுத்துவிடவில்லை. "ஸுபைரிடம் எவருக்கேனும் கடன் பாக்கி உண்டா" என்று நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்த பின்னரே பாகம் பிரித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஃபிக்ஹுச் சட்டம் எதையும் நான் வகுக்கவில்லை. அது ஆலிம்களின் பணி. உலக அனுபவமாக மூன்றைக் கவனிக்கிறேன். சொத்து நான்கு நகரங்களில் பரவியிருந்தது. மண்ணில் மட்டுமே இருந்ததால், தேவைப்பட்டபோது ரொக்கமாக்குவது அந்தப் பெரும் செல்வருக்கும் எளிதாக இருக்கவில்லை. பங்குகளாகப் பிரிக்க முடிந்த நிலம்தான் குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்டது.

யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை எகிப்துக்கு அனுப்பும்போது, அனைவரும் ஒரே வாசல் வழியாக நுழைய வேண்டாம், வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்று அறிவுறுத்தியதையும், அல்லாஹ்வின் விதியிலிருந்து தம்மால் அவர்களைக் காக்க முடியாது என்று உடனே சேர்த்துச் சொன்னதையும் யூசுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தவக்குலையும் தடுப்பு ஏற்பாட்டையும் அவர்கள் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை. முதலீட்டு ஆலோசகர்கள் பணத்தைப் பல இடங்களில் பரப்பிவையுங்கள் என்று இன்று சொல்வது இதைத்தான்.

மனையில் மனம் வைத்துவிட்ட நமக்கு, மண்ணின் குணம் கெடாமல் பரப்பிவைக்க ஏதேனும் வழி உண்டா என்ற கேள்விக்கு விடையாகச் சிலர் சுட்டுவது ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளை. பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். 'டிரஸ்ட்' என்பதை அறக்கட்டளை என்று தமிழாக்கியதால் வந்த பெயர் இது. இதில் தர்மம் ஏதுமில்லை, முழுக்க வணிகம். பெரிய அலுவலகக் கட்டடங்களையும் அங்காடி வளாகங்களையும் ஓர் அறக்கட்டளையின் உடைமையாக்கி, அந்த உடைமையைச் சிறுசிறு அலகுகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள். அலகு வைத்திருப்பவருக்கு வாடகையில் பங்கு வருகிறது. விற்க வேண்டுமானால் சந்தை திறந்திருக்கும் நாளில் கைப்பேசியிலேயே விற்றுவிடலாம்.

இந்தியாவில் இதற்கான விதிகளைச் செபி 2014இல் வகுத்தது. சொத்தில் 80 விழுக்காடாவது கட்டி முடிக்கப்பட்டு வருமானம் தரும் கட்டடங்களாக இருக்க வேண்டும். பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் 90 விழுக்காட்டை அலகுதாரர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் கொடுத்துவிட வேண்டும். முதலாவதாக 2019 ஏப்ரலில் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் பட்டியலிடப்பட்டது. 2020இல் மைண்ட்ஸ்பேஸ், 2021இல் புரூக்ஃபீல்டு, 2023இல் அங்காடி வளாகங்களுக்கான நெக்ஸஸ் செலக்ட், 2025இல் நாலெட்ஜ் ரியால்ட்டி என்று வரிசை நீண்டது. தொடக்க வெளியீட்டில் 2 லட்சம் ரூபாய் இருந்தால்தான் சேர முடியும் என்றிருந்த விதி, 2019இல் 50,000 ஆகவும் 2021இல் 10,000 முதல் 15,000 வரை என்பதாகவும் குறைந்தது. சந்தையிலோ ஒற்றை அலகைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியரும் வாங்க முடியும்.

அமைப்பை மட்டும் பார்த்தால் இது நம் மார்க்கத்துக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை. கட்டடத்தை வாடகைக்கு விடுவது எல்லா மத்ஹபுகளும் அனுமதித்த இஜாரா. லாபமும் நட்டமும் உடைமையோடு சேர்ந்தே வருகின்றன. முதலுக்கு உத்தரவாதமும் இல்லை, நிச்சயிக்கப்பட்ட வட்டியும் இல்லை. மூலத்தைக் கையில் வைத்து விளைச்சலைப் பகிரும் முறையும் நமக்குப் பழையது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்துப் பலனைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்; வக்ஃபின் வேர் அது. நம் தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த சிங்கப்பூர் பென்கூலன் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். அந்த வக்ஃப் நிலத்தை மேம்படுத்த, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 3.5 கோடி சிங்கப்பூர் டாலர் அளவுக்கு முஷாரகா முறையில் முதலீடு திரட்டியது. பள்ளிவாசல் புதிதாக எழுந்தது. அதனுடன் வணிகப் பகுதியும் வாடகைக் குடியிருப்பும் எழுந்தன. வாடகைக் கட்டடத்தில் பலர் கூட்டாகப் பங்கேற்பதை ஷரீஆ எல்லைக்குள் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை.

வாரிசுரிமைக் கணக்கையும் இதில் பொருத்திப் பாருங்கள். அதே மனிதர் 10 சென்ட் மனைக்குப் பதிலாக 880 அலகுகளை விட்டுச்சென்றிருந்தால், மனைவிக்கு 110, மகன்களுக்குத் தலா 140, மகள்களுக்குத் தலா 70. சர்வேயர் வேண்டாம், பாதை விட வேண்டாம், அண்ணனின் தயவும் வேண்டாம்.

இத்தனை சொல்லிய பிறகும், இன்று இந்தியச் சந்தையில் உள்ள ரீட் அலகுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. காரணம் கட்டடத்தில் இல்லை. குடியிருப்பவரிடத்திலும் கடனிலும் இருக்கிறது.

குடியிருப்பவர் யார்? எம்பஸி வளாகங்களில் ஜேபி மோர்கன் போன்ற வட்டி வங்கிகளின் அலுவலகங்கள் உள்ளன. அதன் சொத்துகளில் நட்சத்திர விடுதிகளும் அடக்கம். அங்கே மது விற்பனை இல்லாமல் இராது. நெக்ஸஸ் செலக்ட்டின் கட்டடங்களுள் ஒன்று நாம் அனைவரும் அறிந்த வடபழனி விஜயா மால். அதில் திரையரங்கம் இருக்கிறது. பல்லாவரம், துரைப்பாக்கம் சாலையிலுள்ள தொழில்நுட்ப வளாகத்தை 2024இல் எம்பஸி வாங்கியது. அங்கே குடியிருக்கும் நிறுவனங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் வாடகையில் எனக்கு ஐயமில்லை. வட்டி வங்கியின் வாடகையில் ஐயம் உண்டு.

கடன் எவ்வளவு? சொத்து மதிப்பில் 49 விழுக்காடு வரை கடன் வாங்கச் செபி அனுமதிக்கிறது. இங்குள்ள ரீட்கள் வாங்குவது வழக்கமான வட்டிக் கடன். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரீட், கட்டடத்தை நேரடியாக வைத்திருக்காமல் துணை நிறுவனங்கள் வழியாக வைத்திருக்கும். அந்தத் துணை நிறுவனங்களுக்குத் தானே கடன் கொடுத்து வட்டி வாங்கும். ஆகவே உங்கள் கணக்குக்கு வரும் பணத்தின் ஒரு பகுதி, ரசீதிலேயே 'வட்டி' என்ற தலைப்பில் வந்து சேரும். முழு உடைமையுள்ள துணை நிறுவனம் என்றால், வலக்கைப் பணத்தை இடக்கைக்கு மாற்றியது போன்றதுதானே, உண்மையில் அது வாடகைதானே என்று வாதிடலாம். வாதத்தில் வலு இருக்கிறது. என்றாலும் வட்டி என்று எழுதிய பணத்தைத் தன் மக்களுக்கு ஊட்ட எந்தத் தகப்பனின் மனம் எளிதில் இடம்கொடுக்கும்? ஆலிம்கள் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டும்.

அறிஞர்களின் நிலைப்பாடுகள் ஒரே தன்மையுடையவை என்றும் எண்ணிவிட வேண்டாம். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம், அடிப்படைத் தொழில் ஆகுமானதாயினும் இடையிடையே வட்டி போன்றவற்றில் ஈடுபடும் நிறுவனத்தில் பங்கு வாங்குவது அடிப்படையில் ஹராமே என்று முடிவு செய்தது. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்போ, தன் 21ஆம் தரவிதியில் சில எல்லைகளுக்குள் அதை அனுமதிக்கிறது: வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டை எட்டக் கூடாது, ஆகாத வருமானம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அந்த 5 விழுக்காட்டுக்குள் வந்ததையும் கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுத்து வெளியேற்றிவிட வேண்டும். மலேசியப் பங்குபத்திர ஆணையம் 2005 நவம்பரில் இஸ்லாமிய ரீட்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகாத தொழில் செய்வோரிடமிருந்து வரும் வாடகை 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அது ஏற்றுக்கொள்கிறது; ஆனால் கடன் முழுவதும் இஸ்லாமிய முறையில் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் வாடகையில் தளர்ந்து கடனில் இறுக்குகிறார். மற்றவர் கடனில் சிறிது தளர்ந்து வாடகையில் இறுக்குகிறார். நான் யாரைப் பின்பற்றுவது என்று கேட்பவருக்கு, கொடுக்கும் கையைப் பற்றிய பேணுதலில் நீங்கள் நம்பும் ஆலிம் எவரோ அவரிடம் இரண்டையும் வைத்துக் கேளுங்கள் என்பதே என் பதில்.

மலேசியா வெறும் விதி எழுதுவதோடு நிற்கவில்லை. 2006இல் கேபிஜே மருத்துவமனைகளின் கட்டடங்களைக் கொண்டு அல்அக்கார் ரீட் தொடங்கப்பட்டது. உலகின் முதல் இஸ்லாமிய ரீட் என்று அது அறியப்படுகிறது. சாதாரண ரீட்டாக இருந்த ஆக்ஸிஸ், 2008இல் தன்னை இஸ்லாமிய ரீட்டாக மாற்றிக்கொண்டது. கோலாலம்பூர் போகும் நம்மவர் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமே இன்று ஓர் இஸ்லாமிய ரீட்டின் சொத்துதான். அங்கே உணவகமும் மளிகையும் நடத்தும் கோட்டைப்பட்டினத்துக்காரரும் அம்மாபட்டினத்துக்காரரும் அந்தக் கோபுரத்தின் வாடகையில் ஒரு சிறு பங்கை முறைப்படி வாங்கியிருக்கலாம். அவர்களோ மீமிசல் பக்கத்தில் இன்னொரு மனை பார்க்கச் சொல்லி ஊருக்குத் தொலைபேசி செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஷரீஆ முத்திரை இருந்தால் பணம் பத்திரம் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. துபாயின் எமிரேட்ஸ் ரீட் ஷரீஆ முறையில் இயங்குவது. 2014இல் பட்டியலிடப்பட்ட அதன் அலகு, பின்வந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாகச் சரிந்தது. சிங்கப்பூரில் 2010இல் ஷரீஆ ரீட்டாகப் பட்டியலிடப்பட்ட சபானா, 2021இல் அந்தத் தகுதியைத் தானே கைவிட்டுவிட்டது. ஹலால் என்று நம்பி வாங்கியவர் விழித்துப் பார்க்கும்போது அது வேறொன்றாகி இருக்கும். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது அங்காடி வளாகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்ததையும் மறக்க வேண்டாம். வாடகைக்கு ஆள் இல்லாத கட்டடம், பெயர் எதுவாக இருந்தாலும், வருமானம் தராது.

ஆகவே என் நிலைப்பாடு இது. உள்நாட்டில் இருப்பவர், இப்போதுள்ள இந்திய ரீட்களில் தம் சேமிப்பின் முதன்மையான பகுதியை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு காலாண்டிலும் அவை வெளியிடும் அறிக்கையில் முதல் 10 வாடகைதாரர்களின் பெயரும், எந்தத் துறையிலிருந்து எத்தனை விழுக்காடு வாடகை என்பதும், கடன் அளவும் இருக்கும். அதைப் படித்து, ஆலிமிடம் காட்டி, அனுமதி பெற்று, தூய்மைப்படுத்த வேண்டியதைத் தூய்மைப்படுத்தும் உறுதியோடு சிறு பகுதியை வைப்பவரை நான் குறைகூறவும் மாட்டேன். மலேசியாவில் இருப்பவர்களுக்கு அங்கேயே இஸ்லாமிய ரீட் என்ற கதவு திறந்திருக்கிறது. அவர்கள் அதைப் பரிசீலிக்காமல் இருப்பதற்கு எனக்குத் தக்க காரணம் தெரியவில்லை. இரு தரப்பாருக்கும் பொதுவாகச் சொல்வது ஒன்று: மூன்றாவது மனையை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் ஆறு மாதச் செலவை எளிதில் எடுக்கும்படி வையுங்கள். பிறகு அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ வாடகை வரும் சிறு கடை ஒன்றில் உடன்பிறந்தோர் சேர்ந்து பங்கு போட்டு, பத்திரத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பங்கையும் எழுதுங்கள். இதுவும் ஒரு சிறு ரீட் தான். யார் குடியிருக்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கும் ரீட்.

உடன்பிறந்தோர் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. "ஹலால் முதலீடு, மாதம் இவ்வளவு லாபம்" என்று தாடியும் தொப்பியுமாக வருவோரிடம் ஊர்ப் பணத்தைக் கொட்டிய கதைகள் நமக்குப் புதிதில்லை. பெங்களூருவின் ஐஎம்ஏ நிறுவனம் ஹலால் லாபம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டி 2019 ஜூனில் வீழ்ந்தது; அதன் நிறுவனர் துபாய்க்குப் போய், ஜூலையில் திரும்பி வந்தபோது டெல்லியில் கைதானார். மண்ணின் பெயரால் நடந்ததும் உண்டு. நிலம் தருகிறோம் என்று கோடிக்கணக்கானோரிடம் தவணை வசூலித்த பிஏசிஎல் நிறுவனம் ரூ.49,100 கோடியைத் திருப்பித் தர வேண்டும் என்று செபி 2014இல் உத்தரவிட்டது. தமிழகத்துக் கிராமங்களிலும் அதன் முகவர்கள் இருந்தார்கள். ரீட்டைப் பற்றி எத்தனை ஐயங்கள் இருந்தாலும், அதன் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. கட்டடம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்க்க முடிகிறது. நம்மிடம் முதலீடு கேட்டு வரும் எவரிடமும் அந்த அளவு வெளிப்படைத்தன்மையையாவது கேட்பது நம் உரிமை.

இந்தியாவில் ஓர் இஸ்லாமிய ரீட் ஏன் இல்லை என்ற கேள்வியை நம் செல்வந்தர்களிடமும் வைக்க வேண்டும். மென்பொருள் அலுவலகம் போன்ற ஆகுமான குடியிருப்பாளர்களை மட்டும் வைத்துக் கடனில்லாமல் ஒரு ரீட்டை நடத்தச் செபி விதிகளில் தடை இல்லை. 49 விழுக்காடு என்பது உச்சவரம்புதான். கடன் வாங்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சென்னையிலும் திருச்சியிலும் பெருங்கட்டடங்கள் வைத்திருக்கும் முஸ்லிம் தொழிலதிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இரண்டு நடைமுறைச் செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று ஜகாத். விலை ஏறியதும் விற்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கிப்போட்ட மனை வணிகச் சரக்கு. ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு ஜகாத் கடமை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. வீடு கட்ட வாங்கியதற்கு இது இல்லை. நம்மில் எத்தனை பேர் அந்த மனைகளைக் கணக்கில் சேர்க்கிறோம்? ரீட் அலகை விற்று லாபம் பார்க்க வாங்கியவருக்கும் இதே கணக்கு. வாடகைக்காக வைத்திருப்பவர், வந்த வருமானத்தையும் அலகின் பின்னுள்ள கணக்கையும் காட்டி ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று நியமனதாரர். டீமேட் கணக்கில் மூத்த மகனின் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் அவனுக்கே சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். நியமனதாரர் பொறுப்பாளர் மட்டுமே; நிறுவனப் பங்குகளில் நியமனம் வாரிசுரிமையை மாற்றிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தீர்ப்பைத் தேடி நீதிமன்றம் போக நம் பெண்மக்களால் இயலாது. பெயரை எழுதும் அதே நாளில், என்னென்ன சொத்து, யார் யார் வாரிசு, எவருக்கு எத்தனை பங்கு, எவருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு படியை மனைவியிடமும் இன்னொரு படியை மூத்த மகளிடமும் கொடுத்துவையுங்கள்.